வெளிச்சம் சதைக்குள்ள போனா எங்க போகும்? (ஃபோட்டானுக்கு பின்னாடியே போற ஒரு வேலைய பத்தி)

கோவிட் டைம்ல பார்மசில கிடைக்காம தேடித்தேடி வாங்குன அந்த விரல் கிளிப், ஆக்ஸிமீட்டர், இன்னும் உங்க வீட்டு டிராயர்ல எங்கயாவது கிடக்கும், பேட்டரி கூட கசிஞ்சு போயிருக்கும். அப்போ வீடு முழுக்க மாத்தி மாத்தி விரல மாட்டிக்கிட்டு 97, 98ன்னு நம்பர் பாத்தோம். ஆனா ஊசி இல்ல, ரத்தம் எடுக்கல, ரத்தத்துல ஆக்ஸிஜன் எவ்ளோன்னு அதுக்கு எப்படி தெரியுதுன்னு யாரும் பெருசா யோசிக்கல, யோசிக்கற நிலமைலயும் நாம இல்ல.

நான் பாக்கற வேலை அந்த கிளிப்புக்குள்ள நடக்கற விஷயம்தான். பயோமெடிக்கல் பிசிக்ஸ்ன்னு பெரிய பேரு, அதுல ஒரு சின்ன மூலை: வெளிச்சம் உடம்புக்குள்ள போனா எந்த வழியா போகும், எங்க காணாம போகும், எவ்ளோ திரும்பி வெளிய வரும்னு கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டு பாக்கறது. எங்க ஊரு, மலேசியாவோட சுங்கை சிப்புட்டுல சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு போனா "லேசர் டாக்டரா லா நீ?"ன்னு கேப்பாங்க, ஆமான்னும் சொல்ல முடியாது இல்லன்னும் சொல்ல முடியாது, அதுக்குள்ள சாப்பாட்டுக்கு கூப்பிட்டுருவாங்க. அதான் இங்க உக்காந்து நிதானமா எழுதிடலாம்னு.

முதல்ல கிளிப். ஒரு பக்கம் குட்டியா ரெண்டு எல்இடி, எதிர்ப்பக்கம் ஒரு சென்சார். ஒரு எல்இடி 660 நானோமீட்டர் அலைநீளம், நல்ல சிவப்பு, இன்னொன்னு 940, அது இன்ஃப்ராரெட், கண்ணுக்கு தெரியாது. ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின் ஆக்ஸிஜன சுமந்துக்கிட்டு இருந்தா ஒரு நிறம், எறக்கி வச்சிட்டா வேற நிறம். 660ல ஆக்ஸிஜன் இல்லாத ஹீமோகுளோபின் மத்ததவிட கிட்டத்தட்ட 10 மடங்கு அதிகமா வெளிச்சத்த முழுங்கும், 940க்கு போனா தலைகீழ், ஆக்ஸிஜன் சுமக்கறதுதான் கொஞ்சம் அதிகமா முழுங்கும். அப்ப ரெண்டு வெளிச்சத்தையும் அனுப்பி, ரெண்டும் எவ்ளோ குறையுதுன்னு பாத்தா போச்சு, இல்லயா? இல்ல. விரல்ல ரத்தம் மட்டுமா இருக்கு, தோல், எலும்பு, நகம், கொழுப்பு எல்லாமே வெளிச்சத்த குறைக்கும். ஜப்பான்ல நிஹோன் கோடன் கம்பெனில இருந்த தாகுவோ அயோயாகிங்கற இன்ஜினியர் 1974ல ஒரு வழி சொன்னாரு: நாடி துடிக்கறப்ப ரத்தம் கூடிக் குறையுது, எலும்பும் தோலும் துடிக்காது, அதனால சிக்னல்ல ஆடுற பகுதிய மட்டும் எடுத்துக்க, ஆடாம நிக்கறத விட்டுரு. இன்னிக்கு ஆஸ்பத்திரில டிங் டிங்னு சத்தம் கேக்குதே, அது பூரா அந்த ஒரு யோசனைல இருந்து வந்ததுதான்.

இது வரைக்கும் ஸ்கூல் பிசிக்ஸ்லயே வந்துரும். கலர் தண்ணிக்குள்ள வெளிச்சம் போனா தூரத்துக்கு தகுந்த மாதிரி குறையும், இதுக்கு பீர்-லாம்பர்ட் விதின்னு பேரு. சிராப் தண்ணி கிளாஸ்ல அது கச்சிதமா வேலை செய்யும். சதைல வேலை செய்யாது. ஏன்னு புரிஞ்சிக்க நம்ம ஊர்க்காரங்களுக்கு ரொம்ப தூரம் போக வேணாம், ரப்பர் மரத்துல பால் புடிக்கற கோப்பைய பாத்தாலே போதும்.

ரப்பர் பால் ஏன் வெள்ளையா இருக்கு? உள்ள வெள்ளை சாயம் எதுவும் இல்ல. தண்ணி, அதுல மிதக்கற பொடிப்பொடியான ரப்பர் துகள், நெறைய துகள் ஒரு மைக்ரான் கூட இருக்காது. தண்ணிலயும் ரப்பர்லயும் வெளிச்சம் ஒரே வேகத்துல போகாது, அதனால ஒவ்வொரு துகள் ஓரத்துலயும் வெளிச்சம் கொஞ்சம் திரும்பும், அடுத்த துகள்ல திரும்பவும் திரும்பும், இப்படி எல்லா கலரும் நாலா பக்கமும் செதறி வெளிய வந்தா நம்ம கண்ணு அத வெள்ளைன்னு சொல்லுது. யாரும் வெளிச்சத்த முழுங்கல, வழிய மட்டும் கலைச்சு விட்டுட்டாங்க. அதே பால உறைய வச்சு ரோலர் மெஷின்ல விட்டு ஷீட்டா காய போட்டா, முதல்ல வெள்ளை வெளேர்னு இருக்கறது தண்ணி வத்த வத்த தேன் கலர்ல கண்ணாடி மாதிரி ஆகும். என் பெரியம்மா தோட்டத்துல பால் வெட்டுனவங்க, வீட்டுல சொந்தமா கொஞ்சம் ஷீட்டும் போடுவாங்க. ஷீட்ட தூக்கி வானத்துக்கு எதிரா புடிச்சு பாத்து, வெள்ளைத் திட்டு தெரியற எடத்துல விரல வச்சு "இங்க இன்னும் ஈரம் இருக்கு, தராசுக்காரன் வெல கொறைப்பான்"னு சொல்லுவாங்க. ஈரம் மிச்சம் இருக்கற எடத்துல தண்ணியும் ரப்பரும் கலந்து இருக்கு, அங்க வெளிச்சம் செதறுது, அதான் வெள்ளையா தெரியுது. லைட் ஸ்கேட்டரிங்னு நான் யூனிவர்சிட்டில மூணாம் வருஷம் படிச்சத அவங்க வானத்த பாத்தே தரம் பிரிச்சிட்டு இருந்தாங்க.

நம்ம சதையும் இந்த பால் கேஸ்தான். செல்லு, அதுக்குள்ள நியூக்ளியஸ், மைட்டோகாண்ட்ரியா, வெளிய கொலாஜன் நார், எல்லாத்துலயும் வெளிச்சத்தோட வேகம் கொஞ்சம் கொஞ்சம் மாறும். சிவப்பு வெளிச்சம் தோலுக்குள்ள போனா சராசரியா 0.1 மில்லிமீட்டர் போறதுக்குள்ளயே ஒரு தடவ திரும்பிடும், ஒரு சென்டிமீட்டர் வழில 100 தடவ. ஆனா முழுங்கப்படறது ரொம்ப கம்மி, சிவப்புக்கும் இன்ஃப்ராரெட்டுக்கும் நடுவுல சுமாரா 650ல இருந்து 950 வரைக்கும் ரத்தமும் தண்ணியும் ரெண்டுமே அவ்ளோவா முழுங்காத ஒரு இடைவெளி இருக்கு, அங்க முழுங்கறதவிட செதறல் நூத்துக்கணக்கான மடங்கு அதிகம். போன் டார்ச்ச விரலால மூடுனா விரல் பூரா சிவப்பா எரியுது, ஆனா உள்ள இருக்கற எலும்பு தெரியாது, பாத்திருக்கீங்களா? வெளிச்சம் எலும்ப தாண்டி வருது, ஆனா வந்த வழிய மறந்துட்டு வருது.

இந்த செதறல நிறுத்துனா சதையே கண்ணாடி ஆயிருமான்னு கேட்டா, ஓரளவுக்கு ஆகும். 2024ல ஸ்டான்ஃபோர்ட் யூனிவர்சிட்டி ஆளுங்க டார்ட்ராஸீன்ங்கற மஞ்ச சாப்பாட்டு கலர தண்ணில நல்லா கலந்து உயிருள்ள எலியோட தோல்ல தடவி, தோல் வழியா உள்ள இருக்கற ரத்தக்குழாயும் குடலும் தெரியற மாதிரி காட்டினாங்க. அந்த சாயம் செல்ல சுத்தி இருக்கற தண்ணில கலந்து, தண்ணிக்கும் கொழுப்புக்கும் இருக்கற வித்தியாசத்த குறைச்சிருச்சு, ஷீட்டுல ஈரம் வத்துன மாதிரிதான் விளைவு. (வீட்டுல தடவி பாக்காதீங்க, மனுசத்தோல் எலித்தோலவிட தடிமன், கை மஞ்சளா ஆகறதுதான் மிச்சம்.)

சரி, இப்ப கணக்கு எங்க சிக்குதுன்னு பாப்போம். பீர்-லாம்பர்ட்டுக்கு வெளிச்சம் எவ்ளோ தூரம் போச்சுன்னு தெரியணும். விரல் ஒரு சென்டிமீட்டர் தடிமன்னா வெளிச்சம் போன தூரம் ஒரு சென்டிமீட்டர் இல்ல, சுத்தி சுத்தி பல சென்டிமீட்டர், அதுவும் ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் (வெளிச்சத்தோட ஒரு குட்டித் துணுக்கு) வேற வேற தூரம். பேப்பர்ல சமன்பாடு எழுதலாம், எழுதியும் இருக்காங்க, ஆனா தோல், கொழுப்பு, எலும்பு, நகம்னு அடுக்கு வந்துட்டா பேப்பர்ல தீராது. அப்பதான் மான்டி கார்லோ.

யோசனை ரொம்ப சாதாரணம், கொஞ்சம் கோக்குமாக்கா கூட தோணும். எல்லா வெளிச்சத்துக்கும் சேத்து ஒரு ஃபார்முலா தேடாத, ஒரே ஒரு ஃபோட்டான எடு, அதுக்கு என்ன நடக்கும்னு தாயக்கட்ட உருட்டி முடிவு பண்ணு, அது முழுங்கப்படற வரைக்கும் இல்லன்னா வெளிய வர்ற வரைக்கும் பின்னாடியே போ, அப்புறம் அடுத்த ஃபோட்டான், இப்படி பத்து லட்சம், பத்து கோடி.

ஒரு ஃபோட்டானோட பின்னாடி நாமளும் போயி பாப்போம். தோல தொட்ட ஒடனே அதோட எடை 1ன்னு வைங்க (நெஜ எடை இல்ல, முழுங்கப்படாம மிச்சம் இருக்கற பங்கு). முதல் அடி எவ்ளோ தூரம்? கம்ப்யூட்டர் 0க்கும் 1க்கும் நடுவுல ஒரு ரேண்டம் நம்பர் எடுக்கும், அதோட நேச்சுரல் லாகரிதம் எடுத்து மைனஸ மாத்தி, சராசரி தூரமான 0.1 மில்லிமீட்டரால பெருக்கும். நம்பர் 0.5 விழுந்தா 0.069 மில்லிமீட்டர். 0.1 விழுந்தா 0.23, நல்ல நீளமான அடி. 0.9 விழுந்தா 0.01, நகர்ந்ததே தெரியாது. அங்க போய் நின்னதும் சதை கொஞ்சம் முழுங்கும், எடைல ஒரு 0.3% போகும், இப்ப 0.997. அந்த 0.003 எந்த எடத்துல போச்சுன்னு கம்ப்யூட்டர் குறிச்சு வச்சுக்கும், இந்த குறிப்புதான் பின்னாடி முக்கியம். அடுத்து எந்த பக்கம் திரும்பறது? இன்னொரு ரேண்டம் நம்பர். சதைல வெளிச்சம் பெரும்பாலும் முன்னாடியேதான் போகும், ஒரு தடவைக்கு சுமாரா 25 டிகிரி போல திரும்பும், அதனால ஒரு தடவ திரும்புனா திசை மறக்காது, ஒரு 10 தடவ திரும்புனாதான், அதாவது ஒரு மில்லிமீட்டர் போனாதான், எங்கிருந்து வந்தோம்ங்கறதே அதுக்கு மறந்து போகும். இப்படி 100 அடி நடந்தா எடை 0.74 கிட்ட நிக்கும். எடை பத்தாயிரத்துல ஒரு பங்குக்கு கீழ போயிட்டா அதுக்கு பின்னாடி போறது வேஸ்ட், ஆனா சும்மா தூக்கி போட்டா கணக்குல சக்தி குறையும், அதனால 10ல ஒரு சான்ஸ் குடுப்பாங்க, பொழச்சா எடை 10 மடங்கு ஆகும், இல்லன்னா செத்துச்சு. இதுக்கு ரஷ்யன் ரூலெட்னே பேரு.

திரும்பற கோணத்த முடிவு பண்ண ஒரு ஃபார்முலா இருக்கு, அது எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா ஆச்சரியமா இருக்கும், 1941ல ஹென்யே, க்ரீன்ஸ்டைன்னு ரெண்டு வானியல் ஆளுங்க நட்சத்திரங்களுக்கு நடுவுல இருக்கற தூசில வெளிச்சம் எப்படி செதறுதுன்னு எழுதுனது. அவங்க மனசுல தோலும் இல்ல விரலும் இல்ல. மான்டி கார்லோவும் அப்படித்தான் வேற வேலைக்கு பொறந்தது. 1946ல ஸ்டானிஸ்லா உலாம்ங்கற கணக்கு மேதை உடம்பு சரியில்லாம படுத்து கெடந்து தனியா சீட்டு வெளையாடிக்கிட்டு, ஜெயிக்கற வாய்ப்ப கணக்கு போட்டு பாத்து முடியாம, பேசாம நூறு ஆட்டம் ஆடி எண்ணிடலாமேன்னு யோசிச்சாரு. அத இன்னொரு கணக்கு மேதை வான் நாய்மன் புடிச்சுக்கிட்டு, அணுகுண்டு வேலைல நியூட்ரான் எப்படி அலையுதுன்னு பாக்க 1948ல எனியாக் கம்ப்யூட்டர்ல ஓட்டுனாங்க. பேரு வச்சது அவங்க கூட வேலை பாத்த நிக்கோலஸ் மெட்ரோபொலிஸ், உலாமோட மாமா கடன் வாங்கியாவது மான்டி கார்லோ சூதாட்டத்துக்கு போவாராம். நம்மாளுங்க பேரு வச்சிருந்தா, மலேசியால கேசினோ இருக்கற கெந்திங் பேர்ல கெந்திங் முறைன்னு வச்சிருப்பாங்க. அதே 1948 ஜூன்ல எங்க ஊரு எல்ஃபில் தோட்டத்து தொரைய சுட்டு, மலாயால பிரிட்டிஷ்காரங்க எமர்ஜென்சி கொண்டு வந்தாங்க, கொஞ்ச வருஷத்துல ஜனங்கள கம்பி வேலிக்குள்ளயும் அடைச்சாங்க, அந்த பக்கம் எனியாக் ஓடிட்டு இருந்துச்சுன்னு நெனச்சா எனக்கு ஒரு மாதிரியா இருக்கும்.

சதைக்கு இத கொண்டு வந்தது 1983, வில்சன், ஆடம்னு ரெண்டு பேரோட பேப்பர். அப்புறம் ஹூஸ்டன் எம்டி ஆண்டர்சன் கேன்சர் ஆஸ்பத்திரில லிஹாங் வாங், ஸ்டீவன் ஜாக்ஸ் ரெண்டு பேரும் எழுதுன எம்சிஎம்எல்ங்கற ப்ரோகிராம், 1995ல பேப்பரா வந்துச்சு. அடுக்கடுக்கா இருக்கற தோலுக்கு ஃபோட்டான் கணக்கு, ஃப்ரீயா குடுத்துட்டாங்க, இன்னிக்கும் உலகம் பூரா முதல் வருஷ பிஎச்டி பசங்க அதுலதான் ஆரம்பிக்கறாங்க. ஜாக்ஸோட கேரியர பாத்தா இந்த வேலை என்னன்னு புரியும்: படிப்ப தொடங்குனது பயாலஜில, அப்புறம் மெடிக்கல் பிசிக்ஸ் பக்கம் வந்து, ஹூஸ்டன், அதுக்கப்புறம் ஓரிகன், பச்சக்கொழந்தைக்கு ஊசி குத்தாம வெளிச்சத்துலயே மஞ்சக்காமாலை அளக்கற கருவிக்கும் வேலை பாத்திருக்காரு, 2013ல எந்த சதை எவ்ளோ முழுங்கும் எவ்ளோ செதறும்னு எல்லாத்தையும் ஒரே எடத்துல தொகுத்து எழுதுன கட்டுரை எங்களுக்கெல்லாம் பஞ்சாங்கம் போல, தெனமும் தொறப்போம். 2009ல சியான்சியான் ஃபாங், டேவிட் போவாஸ் ரெண்டு பேரும் இதே கணக்க கேம் வெளையாடற கிராஃபிக்ஸ் கார்டுல ஓட்டி 300 மடங்குக்கு மேல வேகம் காட்டுனாங்க. ஒவ்வொரு ஃபோட்டானும் தனித்தனி, ஒன்னுக்கு ஒன்னு சம்பந்தம் இல்ல, அதனால ஆயிரக்கணக்குல ஒரே நேரத்துல ஓட விடலாம். வேகம் எதுக்குன்னா, ரேண்டம் கணக்குல இரைச்சல் இருக்கும் (ஒவ்வொரு தடவையும் விடை கொஞ்சம் ஆடறது), அது பாதியா குறையணும்னா ஃபோட்டான 4 மடங்கு ஆக்கணும், பத்துல ஒரு பங்கா குறையணும்னா 100 மடங்கு.

ஆனா இந்த வேலைல கஷ்டம் கோட் எழுதறது இல்ல. உள்ள போடற நம்பர்தான். இந்த தோல் எவ்ளோ முழுங்கும், எவ்ளோ செதறும், எவ்ளோ தடிமன், ரத்தம் எத்தன சதவீதம். கம்ப்யூட்டர் எத குடுத்தாலும் வாங்கிக்கிட்டு அழகா கலர் கலரா படம் போட்டு குடுத்துரும், தப்பான நம்பர் குடுத்தாலும் அதே அழகுதான். அதனால முக்காவாசி நேரம் சரிபாக்கறதுலயே போகும்: நரம்பு வழியா ஏத்தற கொழுப்பு மருந்து இன்ட்ராலிபிட்னு ஒன்னு, பால் போல இருக்கும், அதுல கொஞ்சம் கறுப்பு மை கலந்து போலி சதை செஞ்சு, நிஜ லேசர அதுல அடிச்சு, கம்ப்யூட்டர் சொன்னதும் மீட்டர் சொன்னதும் ஒத்துப்போகுதான்னு பாப்போம். ஒத்துப்போகலன்னா யார் மேல தப்புன்னு கண்டுபிடிக்கவே வாரக்கணக்குல ஆகும்.

இப்ப நம்ம விஷயத்துக்கு வர்றேன், தோல் நிறம். ஆக்ஸிமீட்டர் காட்டற 97ங்கற நம்பர் ஃபார்முலால இருந்து நேரா வர்றது இல்ல. செதறல் இருக்கறதால அந்த கணக்கு ஒத்து வராது, அதனால கம்பெனிக்காரங்க ஆரோக்கியமான ஆளுங்கள கூப்பிட்டு, சுவாசிக்கற ஆக்ஸிஜன மெல்ல குறைச்சு, ரத்தமும் எடுத்து, இந்த சிக்னலுக்கு இந்த சதவீதம்னு ஒரு டேபிள் போட்டு வச்சிருக்காங்க. அந்த ஆளுங்க யாரு? 2013ல மருந்தையும் மருத்துவக் கருவியையும் கண்காணிக்கற அமெரிக்காவோட எஃப்டிஏ சொன்ன வழிகாட்டல்ல, சோதனைக்கு குறைஞ்சது 10 பேரு, அதுல கறுத்த தோல் உள்ளவங்க 2 பேரு இல்லன்னா 15%, எது அதிகமோ அது. ரெண்டு பேரு! 2020 டிசம்பர்ல மிச்சிகன் யூனிவர்சிட்டி டாக்டர்கள் ஒரு கணக்கு வெளியிட்டாங்க: கிளிப் 92ல இருந்து 96ன்னு காட்டுது, ஆனா ரத்தம் எடுத்து பாத்தா 88க்கு கீழ, இப்படி ஏமாத்துனது வெள்ளைக்கார நோயாளிங்க அளவுகள்ல 3.6%, கறுப்பின நோயாளிங்க அளவுகள்ல 11.7%. நம்ம தோட்டத்து ஜனங்க தோல் நிறத்த நெனச்சுக்கோங்க.

ஏன் இப்படின்னு பாக்கத்தான் மாடல் வேணும். தோலுக்கு நிறம் குடுக்கற மெலனின் தோலோட மேல் அடுக்குல, 0.1 மில்லிமீட்டருக்குள்ளயே இருக்கு. ஜாக்ஸ் குடுத்த ஃபார்முலாவ போட்டு பாத்தா மெலனின் 660ல முழுங்கறது 940ல முழுங்கறதவிட மூணு மடங்குக்கு மேல. மேல் அடுக்குல 3% மெலனின் துகள் இருக்கற வெளுத்த தோல்ல, 0.06 மில்லிமீட்டர் தாண்டி சிவப்பு வெளிச்சம் சுமாரா 95% உள்ள போகும், 30% இருக்கற கறுத்த தோல்ல 62%தான், திரும்ப வெளிய வர்றப்ப இன்னொரு தடவ அதே கழிவு. நாடித்துடிப்பு முறைல மெலனின் அடிபட்டு போகணும், அது துடிக்காதே, ஆனா எல்இடி ஒரே ஒரு அலைநீளம் இல்ல, கொஞ்சம் பரவி இருக்கும், அந்த பரவல்ல ஒரு பக்கத்த மெலனின் அதிகமா முழுங்கிட்டா டேபிள் போட்டப்ப இருந்த சிவப்பு இப்ப இருக்கற சிவப்பு இல்ல, அதுவும் போக சிக்னல் குறைஞ்சா இரைச்சல் ஜெயிக்கும். விரல் நுனி உள்பக்கம் நமக்கும் வெளுப்புதான், நகத்துப்பக்கம் கறுப்பு, கை குளுந்து போயிருந்தா துடிப்பே சின்னது, நகப்பூச்சு வேற. இதுல எது எவ்ளோ காரணம்னு நோயாளிய வச்சு பிரிச்சு பாக்க முடியாது, ஒரு ஆளோட மெலனின மட்டும் மாத்திட்டு மத்தது எல்லாம் அப்படியே வைன்னா எப்படி வைக்கறது? கம்ப்யூட்டர்ல முடியும். இந்த வேலையோட முழு பலமே அங்கதான் இருக்கு, என்ன கேட்டா.

அதுக்காக கிளிப்ப தூக்கி போட்டுறாதீங்க. நம்பர் நல்லா காட்டுது, ஆனா ஆளு மூச்சு வாங்குறாங்கன்னா ஆள பாருங்க, நம்பர பாக்காதீங்க, கிளினிக்குக்கு போங்க.

மலேசியால இத படிக்கணும்னு நெனைக்கற பசங்களுக்கு: எஸ்பிஎம்ல (ஃபார்ம் 5 பரீட்சைல) பிசிக்ஸும் அட்மேத்ஸும் (கூடுதல் கணக்கு) விட்டுறாதீங்க, பயாலஜி இருந்தா நல்லது, இல்லன்னாலும் பின்னாடி புடிச்சுக்கலாம், கணக்க பின்னாடி புடிக்கறதுதான் கஷ்டம். யூனிவர்சிட்டிக்கு முன்னாடி எஸ்டிபிஎம் இல்லன்னா மெட்ரிகுலேஷன், அப்புறம் பிசிக்ஸ் டிகிரியோ பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கோ. மெடிக்கல் பிசிக்ஸ் மாஸ்டர்ஸ் மலாயா பல்கலைக்கழகத்துல இருக்கு, பினாங்கு யுஎஸ்எம்லயும் படிக்கலாம், ஆனா அதுல பெரும்பாலும் ரேடியேஷன், எக்ஸ்ரே, கேன்சர் மெஷின் பக்கம்தான் சொல்லித்தருவாங்க, வெளிச்சம் பக்கம் வரணும்னா ரிசர்ச்ல வரணும், அந்த டாபிக் எடுக்கற லெக்சரர நீங்களே தேடி புடிக்கணும். வேலை ஆஸ்பத்திரி, யூனிவர்சிட்டி, மெடிக்கல் கருவி செய்யற ஃபேக்டரின்னு செதறிக் கெடக்கும், "லைட் மாடலிங் ஆள் தேவை"ன்னு பேப்பர்ல வராது. அம்மா அப்பாவுக்கு: டாக்டர் சீட்டு கிடைக்கலங்கறதுக்கு ஆறுதல் பரிசா இத எடுத்து குடுக்காதீங்க ப்ளீஸ், பிடிக்காம வந்த புள்ளைக்கு ரேண்டம் நம்பர் ரொம்ப கொடுமையா இருக்கும்.

இப்பவே தொட்டு பாக்கணும்னா டிகிரி வேணாம், பழைய லேப்டாப், பைத்தான், ஒரு ஞாயித்துக்கிழமை மதியம். ஒரே அடுக்கு சதை, மேல சொன்ன நம்பரே போதும், அடி, எடை, திருப்பம்னு மூணு விஷயத்த லூப்ல போட்டா அம்பது வரில முடிஞ்சிரும். பத்தாயிரம் ஃபோட்டான் விட்டு, திரும்பி மேல வந்தது, முழுங்குனது, அடில வெளிய போனது, இந்த மூணையும் கூட்டி பாருங்க. ஒரு ஃபோட்டானுக்கு 1 வரணும், ரூலெட் போட்டிருந்தா ஒரு நூல் மேல கீழ ஆடும், அது பரவால்ல, ஆனா எப்பவுமே 1க்கு கீழ, பத்தாயிரத்துல ஒரு பங்கு போல கம்மியாவே நின்னுச்சுன்னா முதல்ல ரூலெட் வர்ற எடத்ததான் பாருங்க, பொழச்ச ஃபோட்டானுக்கு எடைய 10 மடங்கு ஆக்க மறந்திருப்பீங்க.